பெட்டிக்குள் பல வயது

கணினி பழசாகிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம் அதில் எது பழசானது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. எல்லாமே ஒரே நாளில் வாங்கியதுதானே என்பார்கள். ஒரே நாளில், ஒரே ரசீதில் வாங்கி ஒரே பெட்டிக்குள் வைத்தவைதான். ஆனால் அவை ஒன்றுபோல மூப்படைவதில்லை. சில பாகங்கள் உடம்பால் தேய்கின்றன: ஹார்டு டிஸ்க்கின் தட்டு, விசிறியின் அச்சு, ப்ராசஸர் மேல் தடவிய பசை, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் மின்தேக்கி. வேறு சில பாகங்கள் வாங்கிய அன்று எப்படிக் கணக்குப் போட்டனவோ இன்றும் இம்மி பிசகாமல் அப்படியே போடுகின்றன. வெளியே உலகம் நகர்ந்துவிட்டது, அதனால் அவை பழசு. இன்னும் சிலவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கோ ஒரு நிறுவனம் ஒரு தேதியை அறிவித்தது, அன்றோடு அவை கிழடாகிவிட்டன. விளையாட்டுக்கென்று வாங்கிய கணினியில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்ற கேள்விக்கு விடை, இந்த மூன்று மூப்பையும் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது என்பது என் கட்சி.

என் மேசைக்கடியில் இருப்பது 2017-இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 1600 ப்ராசஸர், பி350 போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. அதே ஆண்டில் நண்பர் ஒருவரும் தன் வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கினார். அதில் இன்டெல் ஐ5-7400. அன்று இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. இன்று ஒன்றில் இன்னும் கைவைக்க இடமிருக்கிறது, மற்றதில் கதவு அடைபட்டுவிட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அண்மையில் ஒரு கடையில் என் பெட்டியின் விவரத்தைச் சொன்னேன். கல்லாவில் இருந்த இளைஞர் முழுதும் கேட்கக்கூட இல்லை. “சார், இதுல எதப் போட்டாலும் வேஸ்ட்டு. போர்டு, ப்ராசஸர், ராம் மூணையும் தூக்கிடுங்க. அப்பிடியே கார்டும் புதுசு போட்டுக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே கொட்டேஷன் எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் வியாபாரத்தை அவர் பார்க்கிறார். ஆனால் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்பதும் ‘எதையும் மாற்றாதே’ என்பதும் யோசிக்காதவர்களின் பதில்கள். இரண்டுக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

கணினியைக் கிழடாக்குவதில் விளையாட்டுக்கு இணையாக இன்னொன்று கிடையாது. கடிதம் தட்டச்சு செய்ய, கணக்கு எழுத, படம் பார்க்கப் பத்து வருடத்துக்கு முந்தைய எந்திரம் தாராளம். விளையாட்டு அப்படி விடாது. 1996 ஜூனில் குவேக் என்ற விளையாட்டு வந்தபோது நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ஐடி சாஃப்ட்வேர் அதற்கு முன் 1993 டிசம்பரில் வெளியிட்ட டூம், 486 எந்திரங்களில் சுகமாக ஓடியது. டூம் முழு எண்களை வைத்தே காரியத்தை முடித்துக்கொள்ளும். குவேக் உண்மையான முப்பரிமாணம். தூரத்துச் சுவர் கோணாமல் தெரிய வேண்டுமென்றால் தசம எண்களை ஓயாமல் வகுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்கென்று பென்டியத்தில் இருந்த பகுதி வேகமானது, 486-இல் இருந்தது மந்தமானது. சைரிக்ஸ் 6எக்ஸ்86 என்று இன்னொரு ப்ராசஸர் அன்று சந்தையில் இருந்தது. அலுவலக வேலைகளில் பென்டியத்துக்கு ஈடுகொடுத்துக் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிய சில்லு. தசமக் கணக்கில் மட்டும் சோடை. குவேக் அந்த ஒரு குறையை ஊரறியச் செய்துவிட்டது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் சில்லுக்கு எதுவும் ஆகவில்லை, கேட்கப்பட்ட கேள்விதான் மாறியது.

அந்தக் காலத்தில் இந்த மூப்பு ஆண்டுதோறும் ஏறியது. 1993-இல் பென்டியம் வந்தபோது அதன் வேகம் 60 மெகாஹெர்ட்ஸ். 2002 நவம்பரில் பென்டியம் 4 3.06 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. பத்து வருடத்துக்குள் ஐம்பது மடங்கு. அப்போதெல்லாம் எதை மாற்றுவது என்று உட்கார்ந்து யோசிக்கத் தேவையே இருக்கவில்லை, இரண்டு மூன்று வருடத்தில் பெட்டியோடு தூக்கிக் கடாச வேண்டியதுதான். பிறகு அந்த ஓட்டம் நின்றது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதன் மின்செலவும் அதே அளவில் குறையும் என்று ராபர்ட் டெனார்டும் சகாக்களும் 1974-இல் காட்டியிருந்தார்கள். 2005 வாக்கில் அது பலிக்காமல் போயிற்று. சிறிதாக்கச் சிறிதாக்கக் கசிவு மின்சாரம் கூடியது, சூடு தாங்கவில்லை. நண்பர் வீட்டு ஐ5-7400-இன் அடிப்படை வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸ். பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த சில்லு, எண்ணளவில் அந்தப் பென்டியம் 4-ஐவிட ஒரு துளி குறைவு. ஒவ்வொரு துடிப்பிலும் அது செய்து முடிக்கும் வேலை பன்மடங்கு, கோர்களும் நான்கு. ஆனாலும் பழைய பாய்ச்சல் போய்விட்டது.

அதற்குப் பிறகு விளையாட்டுக் கணினியின் வயது ஆண்டுக் கணக்கில் கூடுவதில்லை, படிப்படியாகக் கூடுகிறது. அந்தப் படிகளைக் கட்டுகிறவர்கள் கன்சோல் செய்பவர்கள். 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தது. உள்ளே 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் எட்டு நோஞ்சான் கோர்கள், 8 ஜிபி நினைவகம், சாதாரண ஹார்டு டிஸ்க். பெரிய பட்ஜெட் விளையாட்டு எதுவானாலும் இந்தப் பெட்டியில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால், 2011-இல் வாங்கிய ஐ5-2500கே ப்ராசஸரை வைத்துக்கொண்டு பலர் எட்டு ஒன்பது வருடம் கவலையில்லாமல் ஓட்டினார்கள். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தது. 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் எட்டு ஜென் 2 கோர்கள், 16 ஜிபி நினைவகம், நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி. அன்றே நம் பெட்டிகள் பழசாகிவிடவில்லை. கோடிக்கணக்கான வீடுகளில் பிளேஸ்டேஷன் 4 இருந்ததால் இரண்டு வருடத்துக்கு மேல் புதிய விளையாட்டுகள் இரண்டிலும் வெளிவந்தன. 2022 பிப்ரவரியில் வந்த எல்டன் ரிங் குறைந்தபட்சத் தேவையாகக் கேட்டது 3 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கார்டைத்தான்.

2023-இல் அந்தப் படி முடிந்தது. ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3, செப்டம்பரில் ஸ்டார்ஃபீல்டு, இரண்டும் எஸ்எஸ்டி இருந்தே தீர வேண்டும் என்றன. அதே செப்டம்பரில் சைபர்பங்க் 2077-உம் தன் குறைந்தபட்சத் தேவையைத் திருத்தி ஹார்டு டிஸ்க்கை வெளியே தள்ளியது. அக்டோபரில் ஆலன் வேக் 2, 1060 போன்ற பழைய கார்டுகளில் இல்லாத மெஷ் ஷேடர் வசதியை எதிர்பார்த்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், ரே டிரேசிங்குக்கான வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்கவே மறுத்தது. மெதுவாக ஓடுவது ஒரு வகை, ஓடவே மாட்டேன் என்பது வேறு வகை. முதலாவதோடு சமாதானமாகப் போகலாம், நிழலைக் குறைத்துக்கொள்ளலாம், புல்லை மொட்டையடிக்கலாம். இரண்டாவதோடு பேச்சுவார்த்தையே கிடையாது.

ஆக, அடுத்த கன்சோல் வரும்வரை நாம் நிற்கும் படியின் உயரம் கிட்டத்தட்டத் தெரிந்ததுதான்: ஆறு அல்லது எட்டு நல்ல கோர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, ரே டிரேசிங் தெரிந்த 8 ஜிபி கார்டு. அதற்கு மேல் செலவழிப்பது அவரவர் ஆசை. ஆசை கூடாது என்று சொல்ல நான் யார். ஆனால் தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்திருந்தால் பர்ஸுக்கு நல்லது.

ஒரு ஃப்ரேம் எப்படி உருவாகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டுவிட்டால் கடைக்காரரின் கொட்டேஷனைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் ப்ராசஸர், யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே போகிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்றெல்லாம் தீர்மானித்து, என்னென்ன வரைய வேண்டும் என்ற பட்டியலைக் கார்டிடம் தருகிறது. கார்டு வரைகிறது. அது வரைந்துகொண்டிருக்கும்போதே ப்ராசஸர் அடுத்த ஃப்ரேமுக்குப் போய்விடுகிறது. கல்யாணப் பந்தியில் முன்னால் ஒருவர் இலை போட்டுக்கொண்டு போக, பின்னால் ஒருவர் பரிமாறிக்கொண்டு வருவதைப் போலத்தான். பரிமாறுகிறவர் எத்தனை சுறுசுறுப்பானாலும் இலை விழாத இடத்தில் சாம்பார் ஊற்ற முடியாது. மெதுவானவரின் வேகம்தான் பந்தியின் வேகம். மற்றவருக்குப் பதிலாக இன்னும் கெட்டிக்காரரைக் கூட்டிவந்தால் அவர் நின்று வேடிக்கை பார்ப்பார், அவ்வளவுதான்.

யார் மெதுவானவர் என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-ஆகக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும், ஆனால் பட்டியல் போடும் வேலை அப்படியே இருக்கும். ஃப்ரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறாவிட்டால் கார்டுமேல் பழியில்லை. என் பெட்டியில் சைபர்பங்க் 2077-இன் பதில் இடத்துக்கு இடம் மாறியது. நகரத்துக்கு வெளியே பாலைவனத்தில் ரெசல்யூஷனைக் குறைத்ததும் எண்ணிக்கை துள்ளிக்கொண்டு ஏறியது. ஜனநெரிசலான சந்தைத் தெருவில் அது அசையக்கூட இல்லை, அங்கே ப்ராசஸர்தான் மூச்சு வாங்கியது. சராசரி எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. விளையாடுகிறவனுக்கு உறைப்பதும் சராசரி அல்ல, நடுநடுவே வரும் திக்கல்தான். நொடிக்கு 80 ஃப்ரேம் என்று மூலையில் எழுதியிருக்கும், ஆனால் எதிரி திரும்பும் நேரம் பார்த்துப் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும்.

திக்கலுக்கு ராமும் ஒரு காரணம். நம் ஊரில் அசெம்பிள் செய்கிறவர்கள் 8 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டு, ‘இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கு, பின்னாடி போட்டுக்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பின்னாடி வருவதே இல்லை. ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். முதல் தலைமுறை ரைசனில் இது கூடுதலாக உறைக்கும், ஏனென்றால் அதன் கோர்க் கூட்டங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகமே ராமின் வேகத்தோடு பிணைக்கப்பட்டது. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சொருகினால் இடமும் இரட்டிப்பு, பாதையும் இரட்டிப்பு. பணத்துக்கு இவ்வளவு நியாயமாக நடந்துகொள்ளும் பாகம் வேறு இல்லை. இல்லை என்று எழுதிவிட்டேன், எஸ்எஸ்டி கோபித்துக்கொள்ளும்.

ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 120 சுற்று. நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் விளையாட்டில், தட்டு இரண்டு முறை சுற்றி முடிப்பதற்குள் ஒரு ஃப்ரேமின் ஆயுள் முடிந்துவிடுகிறது. படிக்கும் முனை சரியான வளையத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய துண்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு துண்டைத் தேடிப் பிடிப்பதற்கே ஏறத்தாழ ஒரு ஃப்ரேம் நேரம் கரைந்துபோகும். நண்பரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள், வேலரன்ட் ஆடுகிறவள். அவள் ஒரே வரியில் சொன்னாள்: “அங்கிள், எனக்குக் கார்டெல்லாம் வேணாம். எனக்கு லோட் ஆகறதுக்குள்ள மேட்ச் ஆரம்பிச்சிடுது, எல்லாரும் என்னத் திட்டறாங்க.” அப்பா அவளுக்குப் புது கார்டு வாங்கித்தர யோசித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வேண்டியிருந்தது சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்று.

எஸ்எஸ்டியிலும் ஆசைக்கு அளவுண்டு. ஜீன் அம்டால் என்று ஒருவர், ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எத்தனை வேகப்படுத்தினாலும் மீதிப் பகுதி அந்த லாபத்துக்கு அணை போட்டுவிடும் என்ற வாதத்தை 1967-இல் அவர் வைத்தார். பல ப்ராசஸர்களைச் சேர்த்துக் கட்டுவது பற்றி அவர் சொன்னது, நம் மேசைக்கடிப் பெட்டிக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு விளையாட்டு ஏற ஒரு நிமிடம் ஆகிறது, அதில் டிஸ்க்குக்கு 45 நொடி, சுருக்கி வைத்ததைப் ப்ராசஸர் விரிக்க 15 நொடி என்று வைத்துக்கொள்வோம். சாட்டா எஸ்எஸ்டி அந்த 45-ஐ 10 ஆக்கினால் மொத்தம் 25 நொடி. அதைவிட ஐந்தாறு மடங்கு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டால் 10 என்பது 2 ஆகும், மொத்தம் 17. முதல் மாற்றத்தில் மிச்சம் 35 நொடி, இரண்டாவதில் 8. அந்த 15 நொடியை எந்த எஸ்எஸ்டியாலும் தொட முடியாது.

உடம்பு மூப்புக்கு வருகிறேன். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, சென்னை மாதிரி ஊரில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். 1060 தலைமுறைக் கார்டுகள் இயல்பாக 83 டிகிரியை எல்லையாக வைத்துக்கொள்கின்றன, அதை நெருங்கினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதம் அறையே அனலாக இருக்கும்போது, ஹீட் சிங்க் இடுக்கில் பல வருடத் தூசி கம்பளிபோல் படிந்திருக்க, பசை காய்ந்து பொருக்காகியிருக்க, கார்டு அந்த எல்லையிலேயே குடியிருக்கும். அதை நாம் கார்டு பழசாகிவிட்டது என்று புரிந்துகொள்கிறோம். ஒரு பிரஷ், ஊதும் ப்ளோயர், ஒரு சின்ன டியூப் தெர்மல் பேஸ்ட். இவ்வளவு மலிவான அப்கிரேடை எந்தக் கடையும் கொட்டேஷனில் எழுதாது.

எஸ்எம்பிஎஸ் அதைவிடப் பரிதாபத்துக்குரியது. விளையாட்டில் அதற்கு எண் இல்லை, அதனால் மரியாதையும் இல்லை. அதனுள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், சூடு பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில், காற்றோட்டமில்லாத மேசைக்கடியில், ஏழெட்டு வருடம் உழைத்த எஸ்எம்பிஎஸ் வாங்கிய அன்று இருந்ததுபோல் இருக்க முடியாது. கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் மலிவு ரகங்களில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கார்டும் உறிஞ்சுவதெல்லாம் 12 வோல்ட் கம்பியிலிருந்து. லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே 18 ஆம்பியர் என்றிருந்தால் அங்கிருந்து கிடைப்பது 216 வாட் மட்டுமே. மீதி வாட்டெல்லாம் அட்டைப்பெட்டிக்கு அழகு. அதன்மேல் புதிய கார்டை ஏற்றினால், விளையாட்டின் உச்சக்கட்டத்தில் கணினி பொட்டென்று அணைந்து மீண்டும் எழும். கார்டில் கோளாறு என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைவார்கள்.

மூன்றாவது மூப்பு அறிவிப்பால் வருவது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்தும் ரைசனில் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகிறது. என் 1600-உம் நண்பரின் 7400-உம் ஓர் இழையில் வெளியே. அதே அக்டோபரோடு என்விடியா, 1060 உள்ளிட்ட பாஸ்கல் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர் தருவதை நிறுத்தியது, இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஸ்டீம் நடத்தும் கணக்கெடுப்பில் பல வருடம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்து 2022 இறுதியில்தான் கீழிறங்கிய கார்டு இது. இந்த மூப்பை நான் மதிப்பதில்லை, ஆனால் இதற்கு அடங்கிப் போகத்தான் வேண்டியிருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் வராத எந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

முன்பு தள்ளிவைத்த கதைக்கு இப்போது வரலாம். என் பி350 போர்டில் இருப்பது ஏஎம்4 சாக்கெட். ஏஎம்டி 2020 வரை அதைத் தாங்கிப் பிடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தது. அந்த 2020 மே மாதத்தில், அடுத்து வரும் ஜென் 3 ப்ராசஸர்கள் 500 வரிசைப் போர்டுகளில் மட்டும்தான் வேலை செய்யும் என்றது. பயாஸ் சில்லில் இடமில்லை என்று காரணம் சொன்னார்கள், 16 எம்பிக்குள் எத்தனை ப்ராசஸர்களின் விவரத்தை அடைப்பது என்று. வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் அதே மாதத்துக்குள் 400 வரிசைக்கு இறங்கிவந்தார்கள். 2022-இல் பி350 வரைக்கும் திறந்துவிட்டார்கள். 2017-இல் வாங்கிய போர்டில், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022-இன் ரைசன் 5 5600-ஐ உட்கார வைக்கலாம். அதே 65 வாட், அதே டிடிஆர்4 ராம். விண்டோஸ் 11-இன் பட்டியலிலும் அது இருக்கிறது. உலகம் நகர்ந்ததால் வந்த மூப்பும் அறிவிப்பால் வந்த மூப்பும் ஒரே சில்லில் தீர்ந்துபோகின்றன. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை மாற்ற வேண்டும், யுபிஎஸ் இல்லாமல் தொடக் கூடாது. நடுவில் கரண்ட் போனால் போர்டு போனதுதான்.

நண்பரின் பெட்டியில் இருப்பது எல்ஜிஏ 1151. அவர் வாங்கிய அதே 2017 அக்டோபரில் இன்டெல் எட்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தது. அதே 1151 முனைகள், அதே உருவம். ஆனால் பழைய போர்டில் ஓடாது. அவருக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடியது ஐ7-7700கே, அதுவும் செகண்ட் ஹேண்டில், அதுவும் விண்டோஸ் 11-இன் பட்டியலுக்கு வெளியே. இன்டெல்லுக்கு இந்த விஷயத்தில் பழைய சரித்திரம் உண்டு. 2010-இல் பென்டியம் ஜி6951 என்று ஒரு ப்ராசஸரை விற்றார்கள். 50 டாலருக்கு ஒரு அட்டை வாங்கி அதிலுள்ள குறியீட்டைத் தட்டினால், சில்லுக்குள் ஏற்கெனவே இருந்து பூட்டிவைக்கப்பட்ட ஹைப்பர் த்ரெடிங்கும் கூடுதல் கேஷும் திறந்துகொள்ளும். அப்கிரேடு என்ற பெயரில் சாவியை மட்டும் விற்ற வியாபாரம். அடுத்த ஆண்டே கைவிட்டார்கள், நல்லவேளை.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது: போர்டுக்கோ ப்ராசஸருக்கோ டிடிஆர்4 ராமுக்கோ இனி ஒரு ரூபாய் போடாதீர்கள். அடுத்த பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடியதை மட்டும் வாங்குங்கள். எஸ்எஸ்டி போகும், நல்ல எஸ்எம்பிஎஸ் போகும், கார்டு போகும், மானிட்டர் போகும். மகளின் வேலரன்ட்டுக்கு இருக்கும் நான்கு கோரே போதும்.

கார்டு விஷயத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும், பழைய போர்டுக்காரர்களுக்கு மலிவே பொறியாக அமைவது அங்கேதான். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பார்க்கப் புதுசு. ஆனால் அது போர்டோடு பேச நான்கே தடங்கள் வைத்திருக்கிறது. பிசிஐஇ 4.0 போர்டில் அது ஒருவாறு சமாளிக்கும். நம்முடையது 3.0, தடத்தின் வேகம் பாதி. கார்டிலுள்ள 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழிந்ததும் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் எல்லாம் போய்வர வேண்டும். ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டுத் தடம், 8 ஜிபி, 132 வாட். 3.0-இல் சிறு இழப்பு இருக்கும், கவலைப்படும் அளவில் இல்லை. இண்டியானா ஜோன்ஸ் கேட்கும் குறைந்தபட்சக் கார்டுகளில் அதுவும் ஒன்று. செகண்ட் ஹேண்டில் வாங்குவதென்றால் கார்டின் பூர்வாசிரமத்தை விசாரிக்க வேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கார்டுகளில் காசு தோண்டும் வேலைக்கு முடிவுகட்டியதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றில் சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், விசிறியும் தெர்மல் பேடும்தான் களைத்திருக்கும்.

எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5-க்குப் போனால் என்ன என்று கேட்கலாம். அது டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 2025-இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. கையில் டிடிஆர்4 ஸ்டிக் வைத்திருப்பவன் அதை விட்டுவிட்டுப் போகும் காலம் இதுவல்ல.

மானிட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. என்னுடையது நொடிக்கு 60 முறைதான் புதுப்பித்துக்கொள்ளும். அதற்கு மேல் எத்தனை ஃப்ரேம் வரைந்தாலும் என் கண்ணுக்கு வந்து சேராது. 144 ஹெர்ட்ஸ் வாங்கினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைப்பது 6.9 மில்லிநொடி. அதை நிரப்ப ப்ராசஸர் கேட்கும், பிறகு கார்டு கேட்கும், பிறகு எஸ்எம்பிஎஸ் கேட்கும். நான் ஆடுவது பெரும்பாலும் வாள் சண்டைகளும், நிதானமாக யோசித்து நகர்த்தும் பால்டர்ஸ் கேட் 3-உம். இவற்றுக்கு 60 போதும். நண்பரின் மகள் ஆடுவதற்கு 144 நியாயமான ஆசை, வேலரன்ட் சாதாரணக் கார்டிலேயே அவ்வளவு வேகம் ஓடும். வாங்கி வைத்திருக்கும் விளையாட்டுகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, இவற்றில் எவை என் பெட்டியில் ஓடவில்லை என்று எழுதிப் பார்த்தேன். எழுதியது மிகச் சில. ஓடக்கூடியவற்றில் ஆடி முடிக்காதவை அதைவிடப் பல மடங்கு.

என் பெட்டிக்குச் செய்த வரிசை இது: தூசி தட்டிப் பசை மாற்றினேன், பிறகு எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, இரண்டாவது ராம் ஸ்டிக், கடைசியாக 5600. சந்தைத் தெருவின் திக்கல் போய்விட்டது. 1060 இன்னும் இருக்கிறது. ரே டிரேசிங் இல்லாமல் ஓடாத விளையாட்டு ஒன்றை உண்மையிலேயே ஆட வேண்டும் என்று தோன்றும் நாளில் 6600 வகையில் ஒன்றைப் போட்டுக்கொள்வேன். கார்டு வாங்கக் கிளம்பியிருக்கும் அன்பர்கள் போகும் முன் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் அதை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள்.